இறக்கைக்கு அந்தப் பக்கம்

ராஜபாளையம்
5.1.2024

அன்புள்ள ஆவுடையப்பனுக்கு,

போனில் பேசினால் உன் காதுக்கு எட்டாது, அதனால் எழுதுகிறேன். பிளையிங் கிளப்பில் நீ மெக்கானிக்காக இருந்து பார்த்துக்கொண்ட ரெண்டு சீட் விமானம் இப்போது என் தறிக் கொட்டகையில் நிற்கிறது. ஏலத்தில் எடுத்தேன். மகள் விஜி பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். "அப்பா, மொத ஆளா ஒங்களத்தான் இதுல ஏத்துவேன்" என்கிறாள்.

இறக்கையின் மரச்சட்டத்தைப் போர்த்தியிருந்த பழைய துணியை உரித்தாயிற்று. புதுத் துணியை இறக்கையோடு சேர்த்துத் தைக்க இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் வேண்டுமே. சுடலையம்மாள் மதினி காலமானதிலிருந்து நீயும் சுவரைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறாய். கிளம்பி வா.

உன்
சிவபாண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.2.2024

அன்புள்ள சிவபாண்டி,

காய்ச்சல் விடவில்லை. இன்னும் நாலு நாள் வர முடியாது. என் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடாதே, முடிச்சு கோணிப்போகும். ஊசியை நீட்டுமுன் நீ துணியைத் தட்டி "இருக்கியாலே?" என்று கத்துவாயே, அது இல்லாமல் வீடு என்னமோ போல் இருக்கிறது. உன் வீட்டில் தங்கச்சி செல்லக்கனியிடம் காபிக்குச் சீனியைக் குறைக்கச் சொல்.

ஆவுடையப்பன்

ராஜபாளையம்
18.3.2024

அன்புள்ள ஆவுடையப்பனுக்கு,

துணிமேல் நாம் பூசிய டோப் பசை காய்ந்து துணி விண்ணென்று இறுகிவிட்டது. விமானத்தைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தார். "உள்ள இருக்க மரத்த யார் பாத்தது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "அவரு பாத்தாச் சரிதான்" என்று எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை விமானத்தை ஏற்றிப்போக லாரி வருகிறது. கிளப் மைதானத்தில் விஜியும் நானும் ஏறுகிறோம். நீ பக்கத்தில் நிற்க வேண்டும்.

சிவபாண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.3.2024

சிவபாண்டிக்கு,

அதில் ஏறாதீர்கள். லாரியைத் திருப்பி அனுப்பு. தபாலை நம்பாமல் பக்கத்து வீட்டுப் பாண்டிதுரையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வர எனக்கு முகமில்லை.

முதல் நாள் நீ டீ வாங்கப் போனபோது, இடது இறக்கையின் நடுக்கட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. கறையான் தின்று வெறும் மாவாக இருந்தது. சொன்னால் அன்றைக்கே கொட்டகையைப் பூட்டிவிடுவாய் என்று பயந்தேன். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப எனக்கு வேறு என்ன இருக்கிறது? நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று அந்த இடத்தையும் மூடித் தைத்துவிட்டேன். டோப் பூசிய அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அன்று நீ அம்புட்டுச் சந்தோஷமாக இருந்தாய்.

கிழித்துப் பார்.

ஆவுடையப்பன்

ராஜபாளையம்
23.3.2024

ஆவுடையப்பனுக்கு,

கிழித்தோம். விஜிதான் பிளேடு போட்டாள். அவள் கையெல்லாம் மாவு. "மாமாவாப்பா இப்படிச் செஞ்சது?" என்று மட்டும் கேட்டாள்.

மரம் போனதற்கு நான் கொட்டகையைப் பூட்டியிருக்க மாட்டேன். அந்தக் கட்டையைத் தேடிப் பிடித்து மாற்ற ரெண்டு வருஷமாவது ஆகியிருக்கும். ரெண்டு வருஷமும் நீ வந்து போயிருப்பாய்.

உன் ஊசியையும் மூக்குக் கண்ணாடியையும் பாண்டிதுரையிடம் கொடுத்துவிட்டேன். இனி எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டாம்.

சிவபாண்டி