என் பாட்டைப் போலவே ஒன்று

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். பாசஞ்சர் லேட். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வருவதற்குள் சட்டை பாதி ஈரம். ஸ்டுடியோவுக்குக் கீழே மாவு மில். அது ஓடாத நேரத்தில்தான் குரல் பதிவு. இன்று கேப்பை அரைக்கக் கூட்டம். பதிவு இல்லை.

வாங்க: மைக் வயர், எஸ்தருக்கு இருமல் மருந்து.

மருந்துக் கடைக்காரர் என்ன வேலை என்று கேட்டார். ஹிட் பாட்டுக்கு உரிமை வாங்க முடியாத கடைகளுக்கு, விளம்பரத்தில் போட, அதே சாயலில் வேறு பாட்டு செய்கிறேன் என்றேன். தாளமும் வாத்தியமும் அப்படியே. மெட்டு மட்டும் ஏறுகிற இடத்தில் இறங்கும்.

"அப்ப டூப்புன்னு சொல்லுங்க."

ஆமாம். டூப்புதான்.

மாலை சென்னைக் கம்பெனியிலிருந்து புது வேலை. பட்டுக்கடை, கார்த்திகை முகூர்த்த விளம்பரம். எந்தப் பாட்டைப் போல வேண்டுமோ அதையும் அனுப்பியிருந்தார்கள். போட்டுக் கேட்டேன். என் பாட்டு.

நவம்பர் 5, புதன்

மழை. தூக்கம் சரியில்லை.

கல்யாணத்துக்கு முன் நானும் எஸ்தரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய்வந்தோம். பேரணி ஸ்டேஷன் தாண்டி வண்டி நின்றுபோன ஒரு சாயங்காலம் அவளுக்காகப் போட்ட மெட்டு அது. கஷ்டகாலத்தில் மற்ற மெட்டுகளோடு இதையும் இந்தக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு நகைக்கடை தனக்கு மட்டும் என்று உரிமை எடுத்து, ஊரெல்லாம் பரவிவிட்டது. எஸ்தர் அன்று சண்டை போடவில்லை. "வித்தா இன்னா? நம்ம ஊட்ல பாடக் கூடாதுன்னு எவனும் வரமாட்டான்" என்றாள். பாடிக்கொண்டுதான் இருந்தோம்.

கம்பெனி மேனேஜருக்கு போன்.

"சார், இது நான் போட்டதுங்க."

"தெரியும் சார். அதனாலதான் உங்ககிட்ட குடுத்தோம். உங்களுக்கு ஈஸியா வரும்ல."

முடியாது என்று சொல்ல வழியில்லை. அடுத்த வருஷக் கடைசிவரை எந்த வேலையையும் மறுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். கையெழுத்து என்னுடையது. யாரைத் திட்டுவது?

எஸ்தரிடம் சொன்னேன். "வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். கேட்டுப் பார்த்தேன். மாட்டார்களாம்.

நவம்பர் 6, வியாழன்

பாட்டு அனுப்பினால் கம்பெனி மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். பச்சை என்றால் தனிப் பாட்டு. சிவப்பு என்றால் காப்பி. ஊரான் பாட்டையெல்லாம் ஒரே மூச்சில் பச்சை ஆக்கியவன் நான். இன்று காலை அனுப்பியது சிவப்பு. மத்தியானம் அனுப்பியதும் சிவப்பு. விரல் தானாகப் பழைய இடத்துக்கே போகிறது. எரிச்சல். கீபோர்டை மூடிவிட்டு டீ குடிக்க இறங்கினேன்.

மில்காரர்: "இன்னா சார், நீயும் என்னாட்டம் ஒன்னியே அரைச்சிக்கினு கீற? பேஜாரா இல்ல?"

சிரித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. ஒரு வழி செய்தேன். இரண்டாம் வரி மேலே போகும் இடத்தில் கீழே இறக்கி, விரலும் தொண்டையும் பழகும்வரை அதையே பாடினேன். நாள் முழுக்க. வேறு நினைப்பே இல்லை. சாயங்காலம் அனுப்பினேன். ரயிலிலும் வாயில் அதுதான்.

நவம்பர் 8, சனி

பச்சை. மேனேஜர் குரலில் தேன்.

"அதே ஃபீல் சார். ஒரிஜினல்னே நினைப்பாங்க. இதே மாதிரி இன்னும் மூணு வேணும்."

மீன் வாங்கிப் போனேன். எஸ்தர் பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை, கரண்ட் கட். எஸ்தர் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இருமல் தேவலை. "நம்ம பாட்ட பாடுங்க" என்றாள்.

பாடினேன். முதல் வரி சரி. இரண்டாவது, மேலே போக வேண்டியது, இறங்கியது.

"அது இல்லங்க."

மறுபடி பாடினேன். மறுபடி அங்கேயே இறங்கியது. உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. எஸ்தர் எடுத்துக் கொடுத்தாள். கூடவே பாடினேன். அவளையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க. நான் பாடறேன்."

பாடினாள். சரியாக, முழுவதும். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இன்னொரு தடவை பாடு, போனில் பதிந்து வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாங்க. அப்புறம் அதையும் அனுப்பிடுவீங்க" என்றாள்.