லோ செட்டிங்கில் ஒரு வீடு

மார்ச் 4

அன்புள்ள லாரிக்காரருக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன், உங்கள் கொட்டாவியே எல்லாம் சொல்லிவிட்டது.

கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சேர்ந்து ஆடும்போது குறை பேசக் கூடாது, குறையெல்லாம் காகிதத்தில் என்று சட்டம் போட்டது நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன். வீடு தங்காத மனுஷனோடு குடும்பம் நடத்தத்தான் அந்த ஆட்டத்துக்குள் ஒரு வீடு கட்டினோம். பகலெல்லாம் லாண்டரியில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து, நம் பெண் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டேன். ஒரு வார்த்தை சொன்னீர்களா? தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பார்க்கக்கூட மனசில்லை என்றால் நான் எதற்கு வர வேண்டும்?

இப்படிக்கு,
முழங்கால் வீங்கிய இஸ்திரிக்காரி

மார்ச் 9

இஸ்திரி மகாராணியின் திருச்சமூகத்துக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நான், லாரி, முதுகுவலி. ஃபேக்டரி கேட்டில் வரிசை நகரவே இல்லை. முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

தோட்டத்தைப் பார்க்காமல் இருப்பேனா? ரோஜா பூத்துக் குலுங்குகிறதே! உன் கன்னம் மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஆட்டத்தில் ஓநாய் வந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் வா தாயே.

உன் அடிமை,
லாரிக்காரன்

மார்ச் 13

ரோஜாவா? நான் நட்டது சூரியகாந்தி. ஆள் உயரம். தினமும் அதற்குள் நுழைந்துதான் நீங்கள் வீட்டுக்கே வருகிறீர்கள். கண் அவிந்துவிட்டதா, இல்லை என்னைப் பார்ப்பதையே விட்டாச்சா?

கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டேன். இனி நான் வரவில்லை.

மார்ச் 17

கோபக்காரிக்கு,

பொய்தான் சொன்னேன். எனக்குப் பூவும் தெரியவில்லை, புல்லும் தெரியவில்லை. அந்த ஆட்டம் உன் பெரிய கம்ப்யூட்டருக்குச் செய்தது. என் கையில் இருக்கும் குட்டி மிஷினில் அதை ஓட்டுவது ஸ்கூட்டரில் பீரோ ஏற்றுகிற கதை. செட்டிங் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தால் படம் பளிங்குதான். ஆனால் ஃபேன் அலறும், உள்ளங்கை வேகும், ஒரு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். வரிசையில் இன்ஜினை ஓட விட மாட்டார்கள், சார்ஜ் ஏற்ற வழியில்லை. அதனால் புல்லை அணைத்தேன், பூவை அணைத்தேன், நிழலை அணைத்தேன், மிஷின் இழுக்கும் கரண்ட்டையும் குறைத்தேன். படம் எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது, விட்டு விட்டுத்தான் நகரும். நீயே எனக்கு ஒரு நீலத் தீற்றல்தான். ஆனால் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்குகிறது.

இதைச் சொன்னால் "ஒரு மணி நேரம் போதும், போங்க" என்று கிளம்பிவிடுவாயோ என்று பயம். பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு மட்டும் ஒதுங்கினவன் கணக்கு இவ்வளவுதான்.

லாரிக்காரன்

மார்ச் 22

என்னங்க,

பெண்ணிடம் போனில் கேட்டு, நீங்கள் எழுதினது எல்லாவற்றையும் இங்கேயும் அணைத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. இந்தக் கண்றாவியையா இத்தனை நாள் பார்த்துக்கொண்டு, "சூப்பரா இருக்கு" என்று சொன்னீர்கள்?

நானும் ஒன்றைச் சொல்லாமல் மறைத்தேன். அந்த மூன்று மணி நேரத்தில் நீங்கள் விழித்திருப்பது முதல் ஒரு மணி நேரம்தான். பிறகு ஹெட்போனில் குறட்டைதான் வரும். ஆட்டத்தில் உங்கள் ஆள் சும்மா நிற்பார், நான் பக்கத்தில் நின்று ஓநாய்களை விரட்டிக்கொண்டிருப்பேன். எழுப்ப மனசு வராது. ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறாரே!

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொண்டு வாருங்கள். பேட்டரி படுத்ததும் நீங்களும் காலை நீட்டிப் படுக்க வேண்டும். சம்மதம் என்றால்தான் துணியை எடுப்பேன். நான் எங்கேயும் கிளம்ப மாட்டேன்.

உங்கள்,
நீலத் தீற்றல்

மார்ச் 29

மகாராணிக்கு,

பேட்டரி பாதிப் பேச்சில் படுத்துவிட்டதால் மீதியை எழுதுகிறேன். நீ நம் ஆட்டத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாய். உனக்கு முகம் இருந்தது. இத்தனை நாளும் நீ எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் வருகிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

மிஷின் அணைந்ததும் சொன்னபடி படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை நாளாச்சோ. பின்னால் நின்ற டிரைவர்தான் கதவைத் தட்டித் தட்டி எழுப்பினான்.

"என்னண்ணே, எவ்வளவு நேரமா தட்டுறேன்! வரிசை எப்பவோ நகர்ந்துடுச்சு. எங்கே போயிட்டீங்க?"

"வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்டா தம்பி" என்றேன்.

லாரிக்காரன்