தமிழில்தானே சொன்னேன்

ஜனவரி 18, சனி

குளிர். பால்கனியில் போட்ட போர்வை இன்னும் ஈரம். தூரத்து மலை உச்சி வெள்ளை. பலெர்மோவுக்குள் பனி இல்லை, ஆலங்கட்டி மட்டும். ஆனாலும் சனத்துக்கு விசர் பிடித்துவிட்டது. பிள்ளைகுட்டியோடு காரில் ஏறி மதோனியே மலைக்குப் பனி பார்க்கப் போகிறார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார், சறுக்கி விளையாடவாம். பேரப்பிள்ளை கண்ட மனிதர்.

வாங்க: வெங்காயம், தேங்காய்ப்பால், விளக்குத்திரி. சாருவுக்குக் கனத்த காலுறை.

சாருவுக்கு நாளை பகல் வேலை.

"மலைப்பக்கம் எங்களையும் அனுப்புவினம் போல கிடக்கு, அம்மா."

"கழுத்தை மூடிக்கொண்டு போ பிள்ளை."

"தீயணைப்புக்காரிக்கு மஃப்ளர் கட்டிவிடுற ஒரே அம்மா நீங்கள்தான்."

கோபம் வந்தது. சிரிப்பும். வேலையில் அவளுக்கு இன்னும் சோதனைக் காலம். கோடையில்தான் முடியும். அதுவரை சின்னப் பிழைகூட ஆகாது. நிரந்தரம் என்று எழுத்தில் வந்தபிறகுதான் எனக்கு நித்திரை.

ஜனவரி 19, ஞாயிறு

டிவியில் மலைப் பாதை. வரிசையாகக் கார்கள், கூரையெல்லாம் பனி. போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஒரு தாய் கார்க் கண்ணாடியை இறக்கி அழுகிறாள், மடியில் குழந்தை.

இவர் ரெஸ்டோரன்ட் வேலைக்குப் போய்விட்டார். சமைத்தேன், சாப்பிடவில்லை. பொழுதுபட வரவேண்டியவள் வரவில்லை. "உயிரோட இருக்கிறன், பேந்து கதைக்கிறன்" என்று ஒரு செய்தி மட்டும். இதென்ன பகிடி, உயிரோடு இருக்கிறேன் என்று.

பிள்ளையாருக்கு விளக்கு. இந்த ஊரைக் காக்கிற சாந்தா ரோசாலியா படத்துக்கும் ஒன்று. இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 20, திங்கள்

வந்துவிட்டாள். காலையில். சப்பாத்து முழுக்கச் சேறு, உதடு வெடித்திருந்தது. புட்டும் மீன் குழம்பும் வைத்தேன். அள்ளி அள்ளித் தின்றாள்.

எப்போதும் இப்படித்தான். வேலை முடிந்து வந்தால் குசினியில் அடுப்புப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள், சாப்பிட்டபடி சொல்லுவாள். லிஃப்டில் மாட்டிய கிழவி, எரிந்த சோபா, குளியலறையில் விழுந்து கிடந்த மனிதர், எல்லாம். இவருக்குக்கூட அரைவாசிதான். எனக்கு முழுவதும். என் நாளில் நல்ல நேரம் என்றால் அதுதான்.

இன்று சொன்னது வேறு மாதிரி.

"இது உங்களுக்கு மட்டும், அம்மா."

பனி வழித்து ஒரு பக்கம் மட்டும் பாதை திறந்திருந்ததாம். இவர்களுடைய வண்டி அதால் மேலே ஏறியது. நின்ற கார்க்காரர் தங்களுக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்து இறங்கிக் கை காட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. மேலே ஒரு கிராமத்தில், ஆளில்லாத கோடை வீட்டில், பத்தொன்பது வயதுப் பிள்ளை தனியாகக் கிடந்து பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய தகப்பனுக்கு வயிற்றில் பிள்ளை என்றே தெரியாது. அந்த வீடு மாமியுடையது, அங்கே ஒளிந்திருந்திருக்கிறாள். அம்புலன்ஸ் ஏற முடியவில்லை.

சாருதான் போனில் அவளோடு கதைத்துக்கொண்டே போனாள். மூச்சை இழு, விடு, வாறம், வாறம் என்று. இவர்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. சாருவின் கையில்தான் விழுந்தது. பிறகு இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு எண்டா. பண்ணினன்."

அழுதேன். அவளும். புட்டு ஆறிப்போச்சு.

ஜனவரி 21, செவ்வாய்

மழை. நாரி நோ, குனிய முடியவில்லை.

பொலிதேயாமாவில் நான் வேலை செய்கிற சின்யோரா வீடு. ஜன்னல் துடைக்கிற நாள். சின்யோரா கைபேசியை நீட்டினார்: "இங்கே பார், வெட்கமில்லாதவர்களை!"

காரில் இருந்து யாரோ எடுத்த வீடியோ. சிவப்பு வண்டி வருகிறது. ஒரு ஆள் பக்கத்தில் ஓடிக் கதவில் அடிக்கிறான், குழந்தை இருக்கு, குழந்தை இருக்கு என்று. வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். கறுத்த முகம். அந்த ஆளைப் பார்க்கவில்லை, குனிந்துவிடுகிறது. வண்டி போய்விடுகிறது.

என் பிள்ளையின் முகம்.

குனிந்தது போனுக்கு. எனக்குத் தெரியும். சின்யோராவுக்குத் தெரியாது. அவர் கீழே உள்ள கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கள் வரியில் சம்பளம். கோழைகள். அந்த வெளிநாட்டுக்காரி முகத்தைத் திருப்பினாளே. அவளை முதலில் வீட்டுக்கு அனுப்பு.

வீடு எங்கே? இங்கேதான் பிறந்தாள், இதே ஊர் ஆஸ்பத்திரியில்.

ஜன்னலைத் துடைத்தேன். ஒரே கண்ணாடியை மூன்று தரம்.

ஜனவரி 22, புதன்

தீயணைப்பு அலுவலகத்தின் பதில் வந்தது. மொத்தமே இரண்டு வரி. உயிர் ஆபத்தான அழைப்புக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டது, விபரம் வெளியிட முடியாது. அவ்வளவுதான். சனத்துக்கு இன்னும் கொதி. என்ன அழைப்பு, யாருடைய வீடு, எந்தப் பெரிய மனிதரின் வில்லா என்று கேட்கிறார்கள்.

நேற்று போர்கோ வெக்கியோவில் இடிந்து தொங்கிய பால்கனியை அகற்றப் போன இடத்தில் சாருவின் வண்டிக்குத் தோடம்பழம் எறிந்திருக்கிறார்கள்.

"நல்ல தோடம்பழம் அம்மா. என்னோட வேலை செய்யிற மார்க்கோ ஒண்டை உரிச்சுத் திண்டவன்." சிரிக்கிறாள். கண் சிரிக்கவில்லை.

"நீயும் உன்ர ஆக்களும் ஏன் சொல்லக் கூடாது? ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாரும் வாயை மூடுவினம்."

"ஏலாது அம்மா. எங்கட பெரியவர், கப்போ, அவரும் சொல்லமாட்டார். பேசட்டும் விடுங்கோ, களைச்சுப்போய் நிப்பாட்டுவினம்."

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

பின்னேரம் பல்லரோ சந்தை. மீன் விலை பொல்லாத விலை. மாலினியின் கடையில் தேங்காய்ப்பால் எடுத்தேன். நல்ல மனுஷி, வாய்தான் நீளம்.

"அக்கா, உங்கட சாருவோ வீடியோவில? நிக்காமல் போனதாம். கோயில்ல எல்லாரும் ஒரே கதை. குழந்தைப்பிள்ளை அழேக்க எப்பிடி மனம் வந்தது எண்டு கேக்கினம்."

பின்னால் அரிசி பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் கையை நிறுத்தினார்கள். இத்தாலியன் பேசினால் பொறுக்கலாம். நம்முடைய சனம் பேசினால் பொறுக்க முடியாது. அவள் முதல்முதல் யூனிஃபோம் போட்ட அன்று கோயிலில் வந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்தது இதே சனம்.

வீட்டுக்கு வந்து சாமான் பையைக்கூட இறக்கவில்லை. கோயில் குரூப்பில் வொய்ஸ் போட்டேன். நல்ல நீளம். தொடங்கினால் முழுசாகச் சொல்லித்தான் பழக்கம். வண்டி ஏன் நிற்கவில்லை, சாரு யாரோடு போனில் கதைத்தாள், அந்தக் குமர்ப்பிள்ளை, தகப்பனுக்குத் தெரியாதது, சிற்றாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மாமியின் மஞ்சள் வீடு, குழந்தை விழுந்த கை. "இதுதான் என்ர பிள்ளை. சனத்துக்குத் தெரியட்டும்" என்று முடித்தேன்.

சாருவிடம் சொல்லவில்லை. தமிழில்தானே. இந்த ஊரில் தமிழில் சொன்னால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினது மாதிரி. எத்தனை வருஷம் சின்யோராவின் முகத்துக்கு நேரே போனில் அவரைப் பற்றியே கதைத்திருக்கிறேன்.

மனம் லேசு. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

வெயில். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே. அக்கா மன்னியுங்கோ. அக்கா தெரியாமல் பேசிப்போட்டம். கோயில் தலைவர்கூட போன் எடுத்தார், பொங்கல் விழாவில் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பஸ்ஸில் போகும்போதுகூட நாலு பேரைப் பார்த்துச் சிரித்தேன். தெரியாத ஆட்கள்.

சின்யோரா கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்தார். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. "அது உன் மகள் என்று ஏன் சொல்லவில்லை? நான் ஏதேதோ சொன்னேனே!" கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். பெருமையில்.

பிறகு கைபேசியைக் காட்டினார். அதே வீடியோ. சாரு குனிகிறாள். மேலே என் குரல் ஓடுகிறது. தமிழில், என் குரல். அடியில் வரி வரியாக இத்தாலியன். மஞ்சள் வீடு. சிற்றாலயம். தகப்பனுக்குத் தெரியாது. ஒன்றும் விடவில்லை.

"எல்லோரும் பார்க்கிறார்கள், இத்தாலி முழுக்க" என்றார் சின்யோரா.

கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

மாலினியைக் கூப்பிட்டேன். அவளுடைய மகள் அபி, யூனிவர்சிட்டியில் படிக்கிறவள், செய்திருக்கிறாள். இரவிரவாக இருந்து எழுதினாளாம். சாருவுக்காக.

"ஆரைக் கேட்டுச் செய்தவள்?"

"ஏனக்கா கத்துறியள்? சனத்துக்குத் தெரியட்டும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிள்ளை நல்லதுதானே நினைச்சுச் செய்தது."

அழிக்கச் சொன்னேன். அபி உடனே அழித்துவிட்டாள். அழித்து என்ன, ஊரெல்லாம் எடுத்து வைத்திருக்கிறது.

இந்தப் பொடியளுக்கு இரண்டு பாஷையும் தண்ணிப்பட்ட பாடு என்பது எப்படி எனக்கு நினைவு வரவில்லை? நானே பெற்று வளர்த்திருக்கிறேனே ஒன்று.

ஜனவரி 24, வெள்ளி

வேலை முடிந்து வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

"என்னம்மா செய்தனீங்கள்?"

சொல்லத் தொடங்கினேன். மாலினி, கடை, கோயில் சனம், வரியில் சம்பளம் என்று கேட்டவர்கள், எல்லாம் சேர்த்து. சொல்லும்போதே எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"உன்னைப் பேசினவை. எனக்குத் தாங்கேலாமல் போச்சு."

"என்னைத்தானே பேசினவை. நான் தாங்கினனான்."

கைபேசியை மேசையில் வைத்தாள். அந்தப் பிள்ளை அனுப்பியது. ஒரே வரி. நீ சத்தியம் செய்தாயே.

அதற்குப் பிறகு அவளுடைய போன் அணைந்து கிடக்கிறதாம். மஞ்சள் வீட்டு வாசலில் கமராக்காரர். தகப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறான். பிள்ளை பெற்று இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை.

"நான் போய் அந்தப் பிள்ளையின்ர காலில விழுறன், சாரு."

"அங்கை போகாதேங்கோ. தயவுசெய்து."

புட்டு அவித்திருந்தேன். தொடவில்லை. அறைக் கதவு சாத்தினாள்.

இவருக்கு போன் பண்ணினேன். முழுவதும் கேட்டார். பிறகு, "நீ கதைக்காமல் இருந்த நாள் ஒண்டு இருக்கே?" என்றார். சாதாரண நாளில் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

ஜனவரி 25, சனி

ஒன்றும் இல்லை. ரசம். இவர் மட்டும் சாப்பிட்டார்.

ஜனவரி 27, திங்கள்

இன்று சாருவுக்கு வேலையிடத்தில் விசாரணை. பணியில் தெரிந்ததை வெளியே சொன்னது பெரிய குற்றமாம். சோதனைக் காலத்தில் இன்னும் பெரிசு. சேலை கட்டி, கைப்பையில் அடையாள அட்டையும் வைத்து ஆயத்தமாக நின்றேன்.

"நானும் வாறன். நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறன். உன்னில பிழை இல்லை எண்டு எழுதித் தாறன்."

"வேண்டாம் அம்மா. சொன்னது நான். உங்களுக்குச் சொன்னது. அதுதான் பிழை."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

போய்விட்டாள். சேலையோடு குசினியில் இருந்தேன். பிள்ளையாரைக் கேட்கவும் வாய் வரவில்லை. என்ன என்று கேட்பது? வேலை போகக் கூடாது என்றா, அந்தப் பிள்ளை போனை எடுக்க வேண்டும் என்றா? இரண்டையும் கேட்டால் பேராசை மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டையும்தான் கேட்டேன்.

பின்னேரம் வந்தாள். வேலை இருக்கிறது. கண்டனம் என்று பதிந்திருக்கிறார்கள், கோடையில் மறுபடி பார்ப்பார்களாம். கப்போ அவளுக்காகக் கதைத்திருக்கிறார். இதுகூட அவள் இவருக்குச் சொல்ல, இவர் எனக்குச் சொன்னார்.

அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே வெட்கம்.

ஜனவரி 30, வியாழன்

பல்லரோவில் மீன்காரன் காசு வாங்க மறுக்கிறான். "தீயணைப்புக்காரியின் அம்மா!" என்று கூவுகிறான், தெருவெல்லாம் திரும்புகிறது. மீனை அப்படியே பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்குச் சனம் தட்டுத் தட்டாகக் கன்னோலிப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறதாம். போன கிழமை தோடம்பழம் எறிந்த அதே தெருக்காரர். இவர் சொன்னார்.

அந்தப் பிள்ளையும் குழந்தையும் ஊரில் இல்லை. மாமியோடு எங்கேயோ வடக்கே போய்விட்டார்கள் என்று பத்திரிகையில் இருந்ததை சின்யோரா வாசித்துச் சொன்னார். நல்ல முடிவுதான் என்கிறார். தகப்பன் அவர்களோடு போகவில்லை.

பொன்னாடை வேண்டாம் என்று கோயில் தலைவருக்குச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். காய்ச்சல் என்றேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

வெயில், ஆனால் காற்று. உடுப்பு காய்கிறது.

டிவியில் காலையில் காட்டினார்கள், துறைமுகப் பக்கம் ஒரு வீட்டில் காஸ் வெடித்திருக்கிறது. சிவப்பு வண்டி, புகை, ஹெல்மெட் போட்டவர்கள். எது சாரு என்று பிடிக்க முடியவில்லை. எல்லோரும் ஒரே உயரம்.

பொழுதுபட வந்தாள். இடது கையில் கட்டு.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அம்மா. வழமைதான்."

"கை?"

"சின்னக் காயம்."

இடியப்பமும் சொதியும் வைத்தேன். சாப்பிட்டாள், நன்றாகத்தான் சாப்பிட்டாள். சொதி நல்லாயிருக்கு என்றாள். பிளேட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு பால்கனிக்குப் போனாள்.

மார்க்கோவோடு போன். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் கேட்க நினைக்கவில்லை, கேட்டது. இத்தாலியன், படு வேகம். படிக்கட்டு என்கிறாள், ஒரு கிழவர் என்கிறாள், கையை விடவே இல்லை என்கிறாள். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

தேத்தண்ணி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தாள். பிறகு சொல்லுறன் என்று போனில் அவனுக்குச் சொன்னாள்.

"வையுங்கோ அம்மா, குடிக்கிறன்."

வைத்துவிட்டு உள்ளே வந்தேன். பின்னால் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.