சட்டையில் மரக்கறை

வெள்ளி, இரவு

ரப்பர் மரச்சில்லுகளை ஆல்கஹாலில் வேகவைக்கும் கலனில் அந்தப் பாழாய்ப்போன குழாய் இன்று கசிந்து, என் சட்டை நனைந்துவிட்டது. மாற்றுச் சட்டை இல்லை. ஆலையிலிருந்து அப்படியே கிள்ளான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த என் மனைவி சாந்தி, ஆல்கஹால் வாடை பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பா சம்சுச் சாராயம் குடித்தே செத்தவர்.

"குடிக்கலம்மா. மரத்துல நாரைத் தனியா எடுக்கணும். நாரைப் பிடிச்சிருக்கிற பசை ஆல்கஹால்ல கரையும்."

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். குளியலறையில் வெகுநேரம் தேய்க்கும் சத்தம். ஈரச் சட்டையோடு திரும்பி வந்தாள். வாடை போயிருந்தது. மரப்பசையின் காப்பிநிறக் கறை மட்டும் போகவில்லை.

"அப்பா சட்டைய நான்தான் துவைப்பேன். இப்படிக் கறை ஒருநாளும் இருந்ததில்ல லா," என்றாள். "வாங்க, சோறு ஆறுது."