கலக்கலாம் என்று ஒரு சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீ கல்லூரியில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தாலும் எனக்குப் பாப்பாதான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அங்கே உன் உடம்பும் மனசும் எப்படி என்று எழுது, இரண்டையும் தனித்தனியாக எழுது, இந்த முறை எனக்கு இரண்டாவதைப் பற்றித்தான் சந்தேகம்.

பிழை பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய புத்தகத்தின் அச்சுப்படி வந்து சேர்ந்தது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் அறிவியல், நமக்கெங்கே விளங்கப்போகிறது என்று பயந்துகொண்டேதான் பிரித்தேன். முதல் நான்கு அத்தியாயங்களில் ஒற்றுப் பிழை பார்ப்பதையே மறந்து கதைபோலப் படித்துவிட்டேன், தவளை குறைந்தால் கொசு பெருகும் என்று நீ விளக்கியிருக்கிற இடம் கடைசி பெஞ்சுக்கும் புரியும். ஐந்தாவது, நீர் மாசு. நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைதான் அதில் எடுத்துக்காட்டு. அப்பா இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் ஜாம் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்து, நீ கொடுத்த காகிதப் பட்டையை நனைத்து, நிறம் பார்த்துக் குறித்த அட்டவணை அப்படியே இருக்கிறது. அதன் கீழே “சாய ஆலையின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் கலக்கிறது” என்று அச்சாகியிருக்கிறது. யாரோ அதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே “கழிவுநீர் ஓடையில் கலக்கலாம்” என்று எழுதியிருக்கிறார்கள். ஆலையும் காணோம், சுத்திகரிப்பும் காணோம்.

பதிப்பகத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த “லா”வின் காலில், அடியில் ஒரு வளைவு. இரண்டாம் வகுப்பில் காலுக்கு எதற்கடி செருப்பு என்று நான் உன்னைத் திட்டியது நினைவிருக்கும். முப்பத்தைந்து வருஷம் பலகையும் நோட்டுமாகக் கழித்தவள் நான், அந்த எழுத்துக்குச் செருப்பு மாட்டுகிறவள் நீ ஒருத்திதான்.

அறிவியலில் ஐயம் இருந்தால் “லாம்” போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அத்தியாயம் முழுக்கத் தேடிவிட்டேன், அமில மழை இலையைக் கருக்குகிறது, உரம் கிணற்றில் இறங்குகிறது, எல்லாம் கிறது கிறது என்று திடமாக நிற்க, நம் ஓடைக்கு மட்டும் ஒரே ஒரு லாம். இன்னொன்றையும் யோசி. வகுப்பில் ஒரு பிள்ளை வெளியே போகலாமா டீச்சர் என்று கேட்கும், நான் போகலாம் என்பேன். அது ஐயமா, அனுமதியா? தேர்வில் கழிவுநீர் ஓடையில் கலக்கலாமா என்று கேள்வி வந்து, ஒரு மாணவன் “கலக்கலாம், பாடப்புத்தகமே சொல்கிறது” என்று எழுதினால் முழு மதிப்பெண் போட வேண்டியவள் நீதான்.

என் சந்தேகத்துக்கு வேறு காரணமும் உண்டு. போன வாரம் சாய ஆலை மேலாளர் வீடு தேடி வந்தார். பதினெட்டு வருஷமாக நம் தெரு வழியாகக் காரில் போகிறவர், ஒருநாளும் கண்ணாடியை இறக்கியதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “உங்க பொண்ணு ரொம்ப விவரமானவங்க டீச்சர், சொன்னா புரிஞ்சுக்கறாங்க” என்றார். புத்தகத்தை ஆலையே வாங்கி இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் கொடுக்கப்போகிறதாம். அப்பா உள்ளேயிருந்து வந்து, “ஓடைத் தண்ணில போட்ட டீ இல்லீங்க, தைரியமா குடிங்க” என்றார். மேலாளர் சிரித்தார், ஆனால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நீ என்ன புரிந்துகொண்டாய் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை, அச்சுப்படி வந்தபிறகுதான் மனசு அங்கே போகிறது. அவர்கள் மிரட்டினார்களா, கல்லூரியில் யாராவது நெருக்கினார்களா, இல்லை புத்தகம் நிறையப் பேர் கைக்குப் போகட்டும் என்று நீயாகவே நினைத்தாயா? எதுவானாலும் என்னிடம் சொல், திட்டமாட்டேன். என் சந்தேகம் தப்பென்றால் என்னை நன்றாகத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பக்கங்களை அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டே “நம்ம ஓடை வந்துச்சா?” என்று கேட்கிறார், நான் “இன்னிக்கு வரலாம்” என்கிறேன். உன் லாம் என் வாய்க்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது பார். அவரும் அசடு இல்லை, நேற்று என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பேர் போட்ட அட்டையை எங்கே பார்த்தாலும் நீ தலை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மாசக் கடைசியில் புத்தகம் அச்சேறிவிடும் என்பதை மறக்காதே. கீழே இரண்டு வாக்கியம் எழுதியிருக்கிறேன். ஒன்றை அடித்து, இந்தத் தாளையே திருப்பி அனுப்பு. எது வந்தாலும் அப்பாவிடம் அதையே காட்டுவேன்.

என்றும் அன்புடன்,
அம்மா

ஆலைக் கழிவுநீர் ஓடையில் கலக்கிறது.
ஆலைக் கழிவுநீர் ஓடையில் கலக்கலாம்.