வெறுந்தோளோடு பாடியவர்

அப்பாவுக்கு அன்பரசன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தொண்டைக்கட்டு குறைந்ததா? நான் நலம்.

சென்ற வியாழனன்று ஒரு வரலாற்று முடிவெடுத்தேன். வேலைக்குப் போகும்போது புதுத் துண்டு ஒன்றைக் கொண்டுபோவது என்பதே அது. துபாயில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஒருவரின் கச்சேரி. மேடை கட்டியது எங்கள் கம்பெனி.

மனிதர் தொப்பியும் கிடாருமாக உருகிப் பாடினார். "என்னடா பாடுறாரு?" என்று உடன் வேலை செய்யும் ஆகிலைக் கேட்டேன்.

"பொண்டாட்டி போயிட்டா, லாரியும் நின்னுபோச்சாம்ண்ணே."

கூட்டம் கண்ணீரோடு போனில் படமெடுத்தது. ஒருவர்கூட மேடையேறித் துண்டு போர்த்தவில்லை, சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தவில்லை. நீங்கள் திருவிழாவில் பாடினால் பாதிப் பாட்டிலேயே சட்டை மறைந்துவிடுமே! இவ்வளவு பணக்கார ஊரில் ஒரு கலைஞர் வெறுந்தோளோடு இறங்குவதா?

நானே ஏறினேன். துண்டைப் போர்த்தியதும் சிரித்தார். பத்து திர்ஹாம் நோட்டைக் குத்த ஊக்கை அவர் நெஞ்சருகே கொண்டுபோனபோது காவலர்கள் நால்வர் என்மேல் விழுந்தார்கள்.

"மரியாதை பண்ணேன் சார்," என்றேன்.

"மரியாதையா? ஊசி வச்சா?" என்றார் சூப்பர்வைசர்.

முழங்கையில் சிராய்ப்புதான், பயப்பட வேண்டாம். மீதிக் கச்சேரியை அவர் துண்டோடே பாடினார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் காதர் மைதீன் பாய் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அவர் துபாய் திரும்பும்போது எனக்காகப் பூண்டு ஊறுகாய் கொடுத்தனுப்ப வேண்டாம். கம்பெனி என் விசாவை ரத்து செய்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை திருச்சியில் இறங்குகிறேன்.