வெள்ளை அடித்த ஆம்புலன்ஸுக்கு ஒரு மாத அவகாசம்

அனுப்புநர்:
திருமதி ஐவி மல்கேஹி,
ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பெண்கள் சங்கம்,
டாலோ க்ரீக், வட குவீன்ஸ்லாந்து.

பெறுநர்:
கடன்-குத்தகைப் பொருள்கள் மீட்பு அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: ஆம்புலன்ஸைப் பறிமுதல் செய்யும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. போர்க்காலத்தில் அமெரிக்கா நம் அரசுக்கு இரவலாகக் கொடுத்த வண்டிகளுள் ஒன்று எங்கள் ஊர் ஆம்புலன்ஸ். ஜனவரி 31-க்குள் அதைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தீர்கள். சரி என்றோம்.

2. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் துலக்காமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் மானக்கேடு. ஆகவே சங்கத்துப் பெண்கள் ஏழு பேர் கூடி, வண்டியைக் கழுவி வெள்ளை வண்ணம் பூசினோம். அதில் வண்டி எண்ணும் மறைந்துபோனது. முட்டாள்தனம்தான், திருட்டு அல்ல.

3. சோதனைக்கு வந்த தங்கள் ஆய்வாளர், "நம்பரை அழிச்சிட்டா வண்டி உங்களோடது ஆயிடுமாம்மா?" என்று ஊரார் முன்னால் கேட்டார். ஜனவரித் தவணை ரத்து, டிசம்பர் 28-லேயே வண்டி பறிமுதல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மீட்ட வண்டிகளைக் கடலில் கொட்டி அழிக்கிறார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. பால்காரர் கிளாரிதான், "கடல்ல தள்ளப்போற வண்டிக்கு எதுக்குய்யா இம்புட்டு அவசரம்?" என்றார். அவர் வாய்த்துடுக்குக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். கேள்வி மட்டும் எனக்கும் உண்டு.

4. என் மகள் நோரீனுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் பேறுகாலம். அது எங்களுக்கு மழைக்காலம், ஓடையில் வெள்ளம் இருக்கும். அதைக் கடக்கக்கூடிய வண்டி இது ஒன்றே. இது வருவதற்கு முன், அவளுடைய தலைப்பிள்ளை அந்தக் கரையிலேயே, பால் வண்டியில், மூச்சில்லாமல் பிறந்தது. வெள்ளத்தில் இறங்கவிடாமல் அந்தப் பால் வண்டியைப் பிடித்து நிறுத்தியவள் நான்.

5. முன்கூட்டியே பட்டணத்தில் தங்க வைக்கலாமே என்பீர்கள். அலையாத இடமில்லை. ஆஸ்பத்திரியில் வலி கண்ட பிறகுதான் இடம். விடுதி அறைகளெல்லாம் ஊர் திரும்பும் படைவீரர்களுக்கு.

6. வண்ணத்தைச் சுரண்டி எண்ணைக் காட்டத் தயாராக இருக்கிறோம். பழைய தவணையை மட்டும் திருப்பித் தாருங்கள்.

ஜனவரி 31 அன்று வண்டியை நானே துறைமுகத்துக்கு ஓட்டி வந்து ஒப்படைக்கிறேன். எண்ணை மறைத்ததற்குச் சிறைதான் என்றால், அன்றைக்கே என்னையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மட்டும் வேண்டாம். இந்த ஊரில் அதை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இடம்: டாலோ க்ரீக்
நாள்: 19 டிசம்பர் 1945

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஐவி மல்கேஹி